78 நாள் கணக்கு: ஒரு மீன் ஆலையின் சம்பளப் பிரிவில் செயற்கை நுண்ணறிவு

இந்த ஆய்வில் வரும் ஆலை மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் எங்கோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் கிடையாது. ராமநாதபுரம் கரையில் இறால், கணவாய், நண்டுச் சதை பதப்படுத்தும் இடங்களில் சம்பளம் போடும் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஆலை இது. ஆட்கள் கற்பனை. சட்டங்களும் விகிதங்களும் தேதிகளும் மட்டும் உள்ளபடியே.

சம்பளமும் சலுகைகளும் கணக்கிடும் பிரிவுக்குள் செயற்கை நுண்ணறிவு வந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். எல்லாம் போய்விடும் என்பது ஒன்று. ஒன்றும் போகாது, வேலை உயர்ந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு சம்பளப் பட்டியல்கூடப் போட்டதில்லை.

மூன்று பேர் இருந்த அறை

ஆலையில் வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளிப் பக்கங்களிலிருந்து ஆலை வேனில் வருகிறார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்த ஒடிசாப் பெண்கள் ஆலை விடுதியில் தங்கியிருக்கிறார்கள். இறால் உரிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. தரம் பிரிப்பவர்களுக்கும் உறைபதன அறையில் நிற்பவர்களுக்கும் தினக்கூலி. சூப்பர்வைசர், மெக்கானிக் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம்.

சம்பளப் பிரிவில் மூன்று பேர். மூத்தவர் ஒரு பெண்மணி. ஆலை முழுவதும் அவரைச் ‘சம்பள அக்கா’ என்றே அழைக்கிறது. அவருக்குக் கீழே ராமநாதபுரத்தில் பி.காம். முடித்த இரண்டு இளையவர்கள். வருகைப் பதிவைத் திரட்டுவது, ஓ.டி. கணக்கிடுவது, ஊழியரிடம் 12 விழுக்காடு, நிர்வாகத்திடம் 12 விழுக்காடு என்று பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) பிடிப்பது, இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஊழியரின் 0.75, நிர்வாகத்தின் 3.25 விழுக்காடு சேர்ப்பது, இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுவது, தீபாவளிக்கு முன் போனஸ் பட்டியல். மாதத்தின் முதல் வாரம் முழுக்க எக்செல் திரையோடு போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விகிதத்தைப் பெருக்கிக் கழிப்பதற்கு நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. சாதாரணச் சம்பள மென்பொருள் அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இப்போது புதிதாக வந்திருப்பது மென்பொருளால் தொட முடியாமல் இருந்த பகுதிக்கு: கையால் எழுதிய ஷிப்ட் சீட்டைப் படிப்பது, கூலிப் பட்டியலில் வழக்கத்துக்கு மாறானதைச் சுட்டுவது, ஊழியர் கேட்கும் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வது, யாரை எந்த ஷிப்டுக்குப் போடலாம் என்று பரிந்துரைப்பது. சென்னையிலிருந்து வந்த நிறுவனம் இந்த ஆலைக்கு விற்றது இந்த நான்கையும்தான்.

முதல் வேலையை அது நன்றாகவே செய்தது. ஈரக் கையோடு எழுதிய, மை கலங்கிய சீட்டுகளைப் படம் பிடித்து ஏற்றினால் எழுத்தையும் கிலோவையும் பெரும்பாலும் சரியாக எடுத்துக் கொடுத்தது. இளையவர்கள் இருவரும் நாள்கணக்கில் தட்டச்சு செய்தது ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்தது. பனிக்கட்டியிலும் குளோரின் நீரிலும் கிடந்து ரேகை தேய்ந்த விரல்களைப் பழைய கைரேகைக் கருவி ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தது. முகத்தைப் பார்த்துப் பதியும் புதிய கருவியால், முகக்கவசத்தைச் சற்று இறக்கினால் போதும், அந்தத் தினசரிச் சண்டை ஓய்ந்தது. இதையெல்லாம் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ற சந்தேகம்

சிக்கல் வழக்கத்துக்கு மாறானதைச் சுட்டும் இடத்தில் தொடங்கியது. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் ஆலைக்குச் சரக்கு குவிவது செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஞாயிறு காலைப் பூசை முடித்துவிட்டுப் பெண்கள் கூட்டமாக வேலைக்கு வருவார்கள்; இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டித் திங்கள் விடியும் வரை போகும்.

நகரத்து அலுவலகங்களின் தரவில் பழகிய கருவிக்கு இது மோசடிபோல் தெரிந்தது. ஞாயிறு வருகை எல்லாம் சிவப்பு. இரவு எட்டுக்கு உள்ளே வந்து காலை நான்குக்கு வெளியேறியவருக்கு முதல் நாளில் வெளியேறிய பதிவு இல்லை, மறுநாளில் நுழைந்த பதிவு இல்லை. இரண்டு நாளும் சந்தேகப் பட்டியலில். மீனவர்கள் கைதாகி, சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்த வாரத்தில் ஆலையே வெறிச்சோடிக் கிடந்தது. கருவியோ பெருந்திரளான விடுப்பு என்று மேலாளருக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இவை திருத்தக்கூடிய பிழைகள். திருத்தினார்கள். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் கட்டிடத்திலேயே சம்பள அக்கா ஒருவர்தான். விற்ற நிறுவனத்து இளைஞர் காணொலி அழைப்பில் “மேடம், வார விடுமுறை ஞாயிறுதானே?” என்று கேட்க, அவர் “இல்லை தம்பி, எங்களுக்குக் கடல் சொல்வதுதான் விடுமுறை” என்றாராம். அந்த ஒரு வரியை விதியாக மாற்ற அந்த இளைஞருக்கு ஒரு மாதம் பிடித்தது.

செப்டம்பர் வேலை

இந்த ஆய்வின் மையம் இனி வருவது.

இ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றது. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமானால் ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாள் சேர்ந்தவருக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை அந்த உரிமை. நோயுற்று வேலைக்கு வர முடியாத நாள்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. தினக்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 315. 91 நாளுக்கு 28,665 ரூபாய். 77 நாள் வேலை செய்தவருக்கு அந்தத் தொகை பூச்சியம்.

ஊரில் எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்கு ஆறு மாதத்தில் 78 நாள் என்பது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கரையில் பொருட்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாள்களில் பண்ணை இறாலை வைத்து ஆலை குறைந்த ஆட்களோடு ஓடும். உரிப்புப் பெண்களில் பலருக்கு அழைப்பு வராது. மிச்சம் 122 நாள். வாரத்துக்கு மூன்று வரத்து என்றால் ஏறத்தாழ 52 வரத்து. வரத்துக்கு ஒரு நாள் மட்டும் வேலை கிடைத்தால் 52 நாள். இரண்டு நாள் கிடைத்தால் 104. ஒன்றரை நாள் கிடைத்தால் சரியாக 78. புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், வீட்டில் ஒரு சாவு என்று இரண்டு வாரம் போனாலே அந்தப் பெண் கோட்டுக்குக் கீழே.

ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் சம்பள அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்து, 65-க்கு மேல் 78-க்குக் கீழ் நிற்பவர்களின் பெயர்களை எழுதுவார். சூப்பர்வைசரிடம் போய், “சார், இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஆறு நாள் குறைகிறது. அறுவைச் சிகிச்சை தள்ளிப் போட்டு வைத்திருக்கிறாள். இந்த மாதம் எல்லா வரத்துக்கும் கூப்பிடுங்கள்” என்பார். நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவு பெரிதாக எதுவும் இல்லை. யாருக்கோ போக வேண்டிய கூலி நாள் இவருக்குப் போகிறது. இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவருடைய பணி நியமன ஆணையில் இது கிடையாது. இதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது. பட்டியலைக் கையால் போட்டதால் யாருக்கு எத்தனை நாள் என்பது அவர் கண்ணில் பட்டது, பட்டதால் செய்தார்.

கருவி வந்த பிறகு ஷிப்ட் பரிந்துரை அதன் கைக்குப் போனது. அதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கு ஒன்றே ஒன்று: ஒரு மணி நேரத்தில் அதிகக் கிலோ. வேகமாக உரிக்கும் இளம் பெண்களை அது முதலில் அழைத்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள், முட்டி வலிக்காரர்கள் வரிசையில் பின்னால் போனார்கள். உற்பத்தி மேலாளரைக் குற்றம் சொல்வதற்கில்லை. சரக்கு கெடும் முன் முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை, அது நியாயமான கவலை. சம்பள அக்காவோ இப்போது பட்டியலைக் கையால் போடுவதில்லை. திரையில் மொத்தத் தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுப்பதோடு சரி. அந்தச் செப்டம்பரில் நோட்டு திறக்கப்படவில்லை.

பிப்ரவரியில் ஒரு பெண் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு 74 நாள். அவரைப்போல் இன்னும் சிலர். கருவி எந்தத் தவறும் செய்யவில்லை. பிடித்தம் சரி, செலுத்திய தொகை சரி, தேதி சரி. பிழைப் பட்டியலில் எதுவும் இல்லை, ஏனென்றால் பிழை என்று எழுதக்கூடிய எதுவும் நடக்கவில்லை.

பரிதாபக் கதையாக மட்டும் இதை விட்டுவிட மனமில்லை. பழைய நோட்டுக்கும் ஒரு குறை இருந்தது. அதில் வேதாளைப் பெண்களின் பெயர்கள் இருந்தன; தங்கச்சிமடத்துப் பெண்கள் இருந்தார்கள்; ஒடிசாப் பெண்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களின் நாள்களைக் கான்ட்ராக்டர் தனிப் பதிவேட்டில் வைத்திருந்தார். அவர்கள் சம்பள அக்காவின் சன்னலுக்கு வந்து கதை சொல்லவில்லை. ஆலை பிறகு கருவியிடம் 78 நாள் பட்டியலைக் கேட்டபோது அது மொழி, ஊர், கான்ட்ராக்ட் எதையும் பாராமல் எல்லாரையும் காட்டியது. நோட்டைவிட அந்தப் பட்டியல் நேர்மையானது. யாராவது அதைக் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு. பருவகால நிறுவனங்களுக்கு விலக்கு. எது பருவகாலம் என்பதில்தான் வழக்குகள் பிறக்கும். 78-ஐ எட்டாதவர் யார் என்று சொல்லும் அதே கருவியிடம் 480-ஐ நெருங்குபவர் யார் என்றும் கேட்கலாம், நெருங்கும்போது அழைப்பை நிறுத்தும்படியும் சொல்லலாம். முன்பு அப்படிச் செய்ய ஒரு கணக்கர் உட்கார்ந்து மனசாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போது ஒரு கட்டளை போதும். இந்த ஆலையில் அப்படி ஒரு கேள்வி எழுந்தது. எழுத்தில் தரச் சொன்னார் சம்பள அக்கா. எழுத்தில் யாரும் தரவில்லை.

இரண்டு செல்விகள்

பெயர்ச் சிக்கலை இந்தக் கரையில் தனிப் புத்தகமாகவே எழுதலாம். ஆதாரில் கணவர் பெயர், பி.எஃப். பதிவில் தந்தையின் முதலெழுத்து, வங்கியில் ஞானஸ்நானப் பெயர். முகமது என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமும் கீழக்கரைப் பக்கம் உண்டு. பெயர் பொருந்தாவிட்டால் பி.எஃப். பணம் எடுக்கும் விண்ணப்பம் திரும்பி வரும். 2017 அக்டோபர் 1 முதல் ஆதார் சரிபார்ப்போடு கணக்கெண் பெற்றவர்கள் பல விவரங்களை நிர்வாகத்தின் துணையின்றித் தாங்களே திருத்தலாம் என்று 2025 ஜனவரியில் வழி திறந்தது. அதற்கு முந்தைய கணக்குகளுக்கு இன்னும் அலைச்சல் உண்டு.

கருவி இங்கே பெரிய உதவி. ஒத்த பெயர்களைத் தேடி, இவர் அவராக இருக்கலாம் என்று மதிப்பெண்ணோடு காட்டும். ஒரு முறை, குந்துகாலில் இருந்து வரும் செல்வியையும் பாம்பனில் இருந்து வரும் செல்வியையும் ஒருவரென்று அது சேர்த்துவிட்டது. ஒரே முதலெழுத்து, ஒரே ஆண்டில் பிறப்பு, கணவர்கள் இருவர் பெயரும் ஒன்று. இளையவர் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டார். மதிப்பெண் 90-க்கு மேல் இருந்தது. ஒருவரின் கூலி நாள் மற்றவர் கணக்கில் ஏறியது. முதலில் கண்டுபிடித்தவர் கூடுதல் பணம் வந்த செல்வி. “அக்கா, இது என் காசு இல்லை” என்று சன்னலுக்கு வந்தார்.

வாட்ஸ்அப்பில் ஆதார் நகல்களைச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பழக்கம் இந்த விசாரணையில்தான் தெரிந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்தாயிற்று. அதைப் பற்றி அந்த அறையில் அதுவரை யாரும் பேசியதில்லை.

ஏன் குறைந்தது என்ற கேள்வி

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியம் என்பதன் வரையறை மாறியது: ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிகும் பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். ஒரு மெக்கானிக்குக்கு மொத்தம் 20,000. அதில் அடிப்படை 7,000, படிகள் 13,000 என்று கொள்ளுங்கள். பாதிக்கு மேல் போன 3,000 ஊதியத்தோடு சேர, பி.எஃப். கணக்குக்கு ஊதியம் 10,000. பிடித்தம் 840-லிருந்து 1,200. கைக்கு வருவது 360 ரூபாய் குறைவு.

இதைக் கணக்கிடக் கருவிக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். தமிழில் விளக்கவும் செய்தது, பிழையில்லாமல். மெக்கானிக் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு நேரே சன்னலுக்குப் போனார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இதே அளவு நிர்வாகமும் கூடுதலாகப் போடுகிறதா, அல்லது அதையும் தன் மொத்தத்திலிருந்தே எடுக்கிறதா? நிர்வாகம் அதுவரை முடிவு செய்யவில்லை. முடிவாகாத ஒன்றைக் கருவி எங்கிருந்து சொல்லும்? சம்பள அக்கா மேலாளரிடம் போய் முடிவு வாங்கி வந்தார். கேள்வி கேட்டவர் ஒருவர், பதில் பெற்றது மாதச் சம்பளக்காரர்கள் எல்லாரும்.

ஆக்ஸ்ஃபோர்டு சொன்ன எண்

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரே, ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை எடுத்து, ஒவ்வொன்றும் கணினிமயமாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தார்கள். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு எழுத்தர்களுக்கு 97 விழுக்காடு. ஊதியம், சலுகைகள் பிரிவு மேலாளர்களுக்கு 96. மனிதவள மேலாளர்களுக்கு ஒன்றுக்கும் கீழே. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்களுக்கு இவ்வளவு இடைவெளி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஆக்க நுண்ணறிவை (எழுத்து, படம் போன்றவற்றைத் தானே உருவாக்கும் நுண்ணறிவு) பற்றி வெளியிட்ட ஆய்வும் எழுத்தர் பணிகளையே அதிகம் பாதிக்கப்படக்கூடியவை என்றது. அவற்றின் பணிக்கூறுகளில் 24 விழுக்காடு மிகுந்த பாதிப்புக்கும், 58 விழுக்காடு நடுத்தரப் பாதிப்புக்கும் உட்பட்டவை என்றது.

இந்த எண்களை நான் நம்புகிறேன். ஆனால் அவை அளப்பது எழுதிவைக்கப்பட்ட பணிக்கூறுகளை. செப்டம்பர் நோட்டு எந்தத் தொழில் விவரணையிலும் இல்லாததால் எந்தக் கணிப்பிலும் இல்லை. கூட்டல் கழித்தலுக்குள் மறைந்தே அந்த வேலை நடந்துவந்தது. கூட்டல் கழித்தலை எடுத்தபோது அதுவும் சேர்ந்து போயிற்று.

ஆலையில் இப்போது

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இளையவர் ஒருவர் மதுரையில் வேறு வேலை கிடைத்துப் போனார். இன்னொருவர் ஏற்றுமதித் தரப் பதிவேடுகள் பார்க்கும் பிரிவுக்கு மாறினார். இரண்டு இடங்களும் நிரப்பப்படவில்லை. வேலை பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பறிகொடுத்தவர் என்று காட்ட ஓர் ஆள் இருக்க மாட்டார். ராமநாதபுரத்தில் அடுத்த ஆண்டு பி.காம். முடித்து வெளியே வரும் யாரோ ஒருவருக்கு, விண்ணப்பிக்க ஓர் இடம் குறைந்திருக்கும். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

நிர்வாகம் சில மாற்றங்களைச் செய்தது. ஷிப்ட் பரிந்துரையில் கிலோவோடு நாள் கணக்கும் சேர்க்கப்பட்டது: ஆகஸ்ட் கடைசியில் 60-க்கு மேல் 78-க்குக் கீழ் நிற்பவர்கள், கான்ட்ராக்ட் பெண்கள் உட்பட, தானாகவே முன்வரிசைக்கு வருகிறார்கள். மார்ச்சுக்கும் அதே ஏற்பாடு. பெயர் இணைப்புக்கு மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஊர்ப்பெயரும் தொலைபேசி எண்ணும் பார்த்து ஒருவர் கையொப்பமிட வேண்டும். 74 நாள் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. வழி எதுவும் செய்ய இயலவில்லை. ஆலை நலநிதியிலிருந்து ஒரு தொகை கொடுத்தார்கள்.

கடைசியாகச் சம்பள அக்காவின் சம்பளம். வாங்கிய கருவியில் பணிகளை மதிப்பிட்டு ஊதியநிலை பரிந்துரைக்கும் பகுதியும் இருந்தது. அவருடைய பழைய பணி விவரணையைக் கொடுத்தார்கள்: வருகை சரிபார்த்தல், பட்டியல் தயாரித்தல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்துதல். பெரும்பகுதி தானியங்கியாகிவிட்டது, ஊதியநிலையைக் குறைக்கலாம் என்றது கருவி. அவர் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தான் உண்மையில் செய்வதை எழுதினார்: நாள் கணக்குத் தகராறு தீர்ப்பது, யார் எவர் என்று முடிவு செய்வது, 78 நாள் பட்டியலைச் சரிபார்த்து உற்பத்திப் பிரிவோடு பேசுவது, விதி மாறும்போது நிர்வாகத்திடம் முடிவு வாங்குவது, கருவியின் தவறுக்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பது. அதைக் கொடுத்து மறுபடி கேட்டார்கள். இரண்டு நிலை மேலே போடச் சொன்னது. அதே ஆள், அதே நாற்காலி.

நிர்வாகம் ஒரு நிலை உயர்த்தியது. அவர் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருக்கின்றன. தன்னோடு ஓர் இளையவரைப் பயிற்சிக்கு வைக்க வேண்டும் என்றும், அவர் முதல் ஆறு மாதம் கருவியைத் தொடாமல் பட்டியலைக் கையால் போட்டுப் பழக வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் கோரிக்கையை அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு, “எதற்கு?” என்று மட்டும் பென்சிலால் எழுதி, மேலாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.